ஜான் ஹண்டரின் வாழ்வும் நோயும்

வானத்து மீன்களின் இயக்கத்தைக் கணித்தறிந்த மனிதன், தன் மார்புக்குள்ளே இரவும் பகலும் ஓயாது இயங்கும் இதயத்தின் இயல்பை அறிய நெடுங்காலம் பிடித்தது. குருதி உடல் முழுதும் சுற்றி மீண்டும் இதயத்தையே வந்தடைகிறது என்னும் உண்மையை இங்கிலாந்து நாட்டு வில்லியம் ஹார்வி 1628-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அதற்கு நூறாண்டு கழித்து ஸ்காட்லாந்தில் ஒரு குழந்தை பிறந்தது. அக்குழந்தை வளர்ந்து, குருதிக் குழாய்களை ஆராய்வதில் தன் காலத்தில் இணையற்றவராயிற்று. அவரே தம் குருதிக் குழாய்களின் நோயால் மாண்டார். அந்நோயை அவருடைய மாணவர் ஒருவர் அவர் உயிரோடிருக்கும்போதே அறிந்திருந்தார். அறிந்தும் வாய் திறவாதிருந்தார். அம்மாணவர் ஏன் மௌனம் காத்தார், அம்மௌனம் தகுமா என்பதை ஆராய்வதற்காகவே இவ்வரலாற்றை இங்கு எழுதப் புகுந்தோம்.

ஜான் ஹண்டர் 1728-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், ஸ்காட்லாந்தின் கிழக்குக் கில்பிரைடு என்னும் ஊரை அடுத்த லாங் கால்டர்வுட் என்னும் பண்ணையில் பிறந்தார். பெற்றோருக்குப் பிறந்த மக்கள் பதின்மருள் இவரே இளையவர். இவருக்குப் பதின்மூன்று வயதாகும்போது தந்தையார் காலமானார். தாயின் செல்லப் பிள்ளையாக வளர்ந்த ஜான், பள்ளிக்கூடத்தை வெறுத்தார். ஏட்டுக் கல்வி அவர் மனத்தில் ஏறவில்லை. ஆனால் மேகங்கள் ஏன் கூடுகின்றன, இலைகள் ஏன் நிறம் மாறுகின்றன, எறும்புகளும் தேனீக்களும் எவ்வாறு வாழ்கின்றன என்றெல்லாம் கேட்டுப் பெரியோர்க்குத் தொல்லை கொடுத்து வந்தார். விடை கூற வல்லார் அவ்வூரில் இலர். அவ்வினாக்கள் அவரை இறுதிவரை விட்டு நீங்கவில்லை.

இவருடைய தமையனார் வில்லியம் ஹண்டர் பத்தாண்டு மூத்தவர். லண்டன் மாநகரில் உடற்கூற்று ஆசிரியராய்ப் புகழ் பெற்றவர். 1748-ஆம் ஆண்டில் இருபது வயதுடைய ஜான், தமையனாரிடம் உதவியாளராகச் சென்று சேர்ந்தார். இறந்தோர் உடலை அறுத்துத் தசையையும் நரம்பையும் குழாயையும் பிரித்துக் காட்டும் தொழிலை அவரிடம் ஒப்படைத்த தமையனார், சில நாட்களிலேயே வியப்பில் ஆழ்ந்தார். புத்தகத்தைக் கண்டு அஞ்சிய அக்கைகள் கத்தியைப் பிடித்தவுடன் ஆசிரியனின் கைகளாயின. செசில்டன், பாட்டு முதலிய பெரும் அறுவை மருத்துவர்களிடமும் ஜான் பயின்றார். 1755-இல் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்பட்டபோது, கிரேக்கமும் லத்தீனும் கற்பதில் மனம் பொருந்தாமல் விரைவில் திரும்பிவிட்டார்.

1760-இல் படை மருத்துவராய்ச் சேர்ந்து, பிரான்சு நாட்டை அடுத்த பெல்லீல் தீவிலும், பின்னர்ப் போர்ச்சுக்கல் நாட்டிலும் பணி புரிந்தார். குண்டு பாய்ந்த புண்ணை மேலும் கீறித் திறப்பதே அக்காலத்து வழக்கம். சிகிச்சையின்றிக் கிடந்த வீரர் சிலரின் புண் தானாகவே நன்கு ஆறியிருந்ததைக் கண்ட ஹண்டர், அவ்வழக்கம் பெரும்பாலும் வேண்டாதது என்று துணிந்தார். எல்லாரும் செய்கின்றனர் என்பதற்காக ஒன்றைச் செய்தல் கூடாது. இயற்கை என்ன செய்கிறது என்று முதலில் உற்று நோக்குதல் வேண்டும் என்பதே அவர் கொள்கை. 1767-இல் அரசவை அறிஞர் கழகமாகிய ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1768-இல் லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையின் அறுவை மருத்துவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1776-இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் அறுவை மருத்துவருள் ஒருவராக நியமிக்கப்பெற்றார்.

அவருடைய உழைப்பு அளவிறந்தது. இரவில் நான்கு மணி நேரமும், பகலுணவுக்குப்பின் ஒரு மணி நேரமுமே உறங்குவார். காலை உணவுக்கு முன்பே பல மணி நேரம் உடல்களை அறுத்து ஆராய்வார். பின்பு நோயாளிகளைக் காண்பார். மாலையில் மாணவர்க்குப் பாடம் சொல்வார். நள்ளிரவு கடந்தும் எழுதுவிப்பார். ஏர்ல்ஸ் கோர்ட்டு என்னுமிடத்தில் இருந்த அவர் தோட்டத்தில் பலவகை விலங்குகள் வாழ்ந்தன. தேனீ முதல் திமிங்கிலம் வரை அவர் கத்திக்கு உட்படாத உயிரினம் சிலவே. இவ்வாறு அவர் திரட்டிய உடற்கூற்றுப் பொருள்கள் ஏறத்தாழ 14,000. 1783-இல் லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் ஒரு மனையை எடுத்து, அவற்றுக்கெனக் காட்சிச் சாலை ஒன்றைக் கட்டினார். ஈட்டிய பொருளெல்லாம் அதிலேயே கரைந்தது.

அவர் குற்றமற்றவர் அல்லர். ஏழைகளிடம் பொருள் பெறாது மருத்துவம் செய்தவர். ஆயினும் அறிவின்மீது கொண்ட பேராசையால் அறத்தை மறந்ததும் உண்டு. அயர்லாந்து நாட்டைச் சேர்ந்த சார்லஸ் பர்ன் என்னும் மிக நெடிய உருவமுடைய இளைஞன் 1783-இல் லண்டனில் இறந்தான். தன் உடல் மருத்துவர் கையில் அகப்படலாகாது, கடலில் புதைக்கப்படல் வேண்டும் என்று அவன் அஞ்சி வேண்டிக்கொண்டிருந்தான். ஹண்டர் பொருள் கொடுத்து அவ்வுடலைப் பெற்று, எலும்புக்கூட்டைத் தம் காட்சிச் சாலையில் நிறுத்தினார். இரு நூற்றாண்டுக்கு மேல் காண்போர் கண்ணெதிரே நின்ற அவ்வெலும்புக்கூடு, 2023-ஆம் ஆண்டில் அக்காட்சிச் சாலை புதுப்பித்துத் திறக்கப்பட்டபோது பொதுக் காட்சியிலிருந்து நீக்கப்பட்டது. இறந்தவன் சொல்லுக்கு மதிப்புத் தருதலும் அறிவின் ஒரு பகுதியே என்பதை உலகம் சிறிது காலந் தாழ்த்தே உணர்ந்தது.

மற்றொரு குறை அவருடைய சினம். கருத்து வேறுபாட்டைப் பொறுக்க அவரால் இயலாது. சொல் கடுமையாய் வெடிக்கும். சற்று நேரத்தில் தணியும். தம்மை வளர்த்த தமையனாரோடும், ஒரு கண்டுபிடிப்பு எவருடையது என்னும் வழக்கினால் பகைமை கொண்டார். இச்சினம் அவர் வரலாற்றில் எத்தகைய இடம் பெற்றது என்பதைப் பின்னர்க் காண்போம்.

1770-ஆம் ஆண்டில், குளூஸ்டர்ஷயர் மாகாணத்துப் பர்க்லி என்னும் சிற்றூரிலிருந்து இருபத்தொரு வயதுடைய மாணவர் ஒருவர் ஹண்டரின் வீட்டில் தங்கிப் பயில வந்தார். அவரே எட்வர்டு ஜென்னர்; பிற்காலத்தில் பெரியம்மைக்கு அம்மைப்பால் குத்தும் முறையை நாட்டி, உலகுக்கு நன்மை செய்தவர். ஏறத்தாழ இரண்டாண்டு அவ்வீட்டில் உண்டும் உறங்கியும் கற்றார். 1771-இல் ஹண்டர் மணந்துகொண்ட ஆன் ஹோம் அம்மையார் கவி பாட வல்லவர். அவர் பாடல்கள் சிலவற்றுக்கு இசைப் பேரறிஞர் ஹைடன் பண் அமைத்தார். கல்வி முடிந்து ஜென்னர் தம் ஊருக்குத் திரும்பிய பின்னரும், ஆசிரியரும் மாணவரும் இடையறாது கடிதம் எழுதிக்கொண்டனர். முள்ளெலி குளிர்காலத்தில் உறங்கும்போது அதன் உடல் வெப்பம் எவ்வளவு, குயிற் குஞ்சு பிற பறவையின் கூட்டில் என்ன செய்கிறது என்றெல்லாம் ஆசிரியர் வினவுவார்; மாணவர் ஆராய்ந்து எழுதுவார். எண்ணிப் பார்ப்பதோடு நில்லாது செய்து பார்க்க வேண்டும் என்பதே ஆசிரியர் அவருக்கு ஓயாது கூறிய அறிவுரை.

அக்காலத்தில் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் என்பார், 1768-இல் மருத்துவர் கல்லூரியில் ஒரு புது நோயைக் குறித்து விரிவுரை செய்தார். அது 1772-இல் அச்சாயிற்று. நடக்கும்போது, சிறப்பாக மேட்டில் ஏறும்போதும் உணவுண்ட பின்னும், மார்பின் நடுவே தாங்கொணா நெரிப்பு உண்டாகிறது; நின்றவுடன் அது மறைகிறது; நாளடைவில் அந்நோயாளிகள் திடீரென வீழ்ந்து இறக்கின்றனர் என்று அவர் எழுதினார். இந்நோயை இங்கு மார்பு நெரிப்பு என்போம். அடையாளங்களைத் தெளிவுறக் கூறிய ஹெபர்டனுக்குக் காரணம் விளங்கவில்லை.

அவ்விரிவுரையைப் படித்தவருள் பெயர் தெரிவியாத ஒருவர் ஹெபர்டனுக்கு மடல் எழுதினார். தமக்கும் இந்நோய் இருப்பதாகவும், தாம் திடீரென இறப்பின் தம் உடலை அறுத்து ஆராய்ந்து, பிறர்க்கு நன்மை பயக்குமாறு காரணம் காண வேண்டும் என்றும் அவர் வேண்டினார். மூன்று வாரம் கழியுமுன் இறந்தும் போனார். உடலை ஆராய்ந்தவர் ஜான் ஹண்டர். ஜென்னர் முதன்முதலாக அறிந்த மார்பு நெரிப்பு நோயாளி அவரே. அவ்வாராய்ச்சியில் ஒன்றும் புலப்படவில்லை. இதயத்தின் அறைகளை நோக்கினர், அடைப்பிதழ்களை நோக்கினர், யாவும் நலமாகவே தோன்றின. இதயத்துக்கே குருதி ஊட்டும் இரு சிறு குழாய்களை அவர்கள் அறுத்துப் பார்க்கவில்லை என்று ஜென்னர் பிற்காலத்தில் எழுதினார்.

அக்குழாய்கள் யாவை? குருதியை இதயத்திலிருந்து உடலுக்குக் கொண்டு செல்லும் குழாய்களைத் தமனிகள் என்கிறோம். இதயமும் ஒரு தசையே. அதற்கும் உணவு வேண்டும். உள்ளே நிறைந்து செல்லும் குருதியிலிருந்து அது தன் உணவைப் பெற்றுக்கொள்வதில்லை. பெருந்தமனியின் அடியில் பிரியும் இரு கிளைத் தமனிகள் இதயத்தைச் சுற்றி முடிபோற் சூழ்ந்து, அதனுள் நுழைந்து குருதி ஊட்டுகின்றன. இவற்றை இதயத் தமனிகள் என்போம்.

1773-ஆம் ஆண்டு, மனம் பெரிதும் கலங்கிய ஒரு நிலையில், ஹண்டருக்கே அந்நோய் வந்தது. முற்பகலில் மேல் வயிற்றில் கடும் வலி தோன்றிற்று. கண்ணாடியில் நோக்கினார், தம் முகம் பிணத்தின் முகம் போல் வெளுத்திருந்ததைக் கண்டார். தம் கையைத் தாமே பிடித்துப் பார்த்தார், நாடி அகப்படவில்லை. தமையனாரும் பிற மருத்துவரும் வந்து தேடினர்; அவர்களுக்கும் அகப்படவில்லை. மூச்சு நின்றுவிடும் போலிருந்ததனால், தாமே முயன்று மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரம் இந்நிலை நீடித்து, பின் மெல்ல விலகியது. அத்துன்பத்தினிடையேயும் தம் உடலில் நிகழ்வதை உற்று நோக்கி, நினைவிற் கொண்டு பின்னர்க் குறித்து வைத்தார்.

1777-இல் மீண்டும் நோயுற்று, மருத்துவர் சொற்படி வெந்நீர் ஊற்றுகள் உள்ள பாத்து நகரத்துக்குச் சென்றார். அங்குத் தம் ஆசிரியரைக் காண வந்த ஜென்னர், அவர் தோற்றம் மாறியிருந்தது கண்டு திடுக்குற்றார். அவர் கூறிய துன்பங்களைக் கேட்டுக்கொண்டு, இது மார்பு நெரிப்பே என்று உள்ளத்துள் தெளிந்தார்.

ஜென்னருடைய தெளிவுக்குத் தக்க காரணம் உண்டு. அந்நோயால் மாண்ட ஒருவரின் இதயத்தை அவர் ஒருமுறை ஆராய்ந்தார். முதன்மையான பகுதிகளில் ஒன்றும் புலப்படவில்லை. இதயத்தின் அடிப்பகுதிக்கு அண்மையில் குறுக்கே வெட்டும்போது, கத்தி ஏதோ கடினமான பொருளில் மோதி வாய் மழுங்கிற்று. அவ்வறையின் கூரை பழமையானது. சுண்ணாம்புக் காரை உதிர்ந்து விழுந்திருக்கும் என்று எண்ணி ஜென்னர் அண்ணாந்து பார்த்தார். காரை ஒன்றும் விழவில்லை. மீண்டும் குனிந்து நோக்கினார். இதயத் தமனிகளே எலும்புக் குழாய்களாக இறுகியிருந்தன! ஆசிரியரும் தாமும் முன்பு காணாது விட்ட காரணம் இப்போது அவர் கத்திமுனையில் அகப்பட்டது.

இக்கண்டுபிடிப்பை உலகுக்கு வெளியிட்டிருந்தால் இளம் மருத்துவராகிய ஜென்னருக்குப் புகழ் உண்டாகியிருக்கும். ஆனால் அவர் வெளியிடவில்லை. 1778-இல் ஹெபர்டனுக்கென எழுதிய ஒரு மடலில், ஆசிரியரின் நோயைக் குறித்த ஐயத்தையும், அதனை அவர் அறிய நேரின் உண்டாகக்கூடிய துயரத்தையும் எண்ணிக் கவன்றார். தம் கருத்தை அச்சிட்டால் ஹண்டர் படிப்பார். படித்தால் தம் மார்புக்குள் இருப்பது இன்னதென்றும், அதற்கு மருந்தில்லை என்றும், திடீர் மரணமே முடிவென்றும் உணர்வார். ஹண்டரின் வீட்டில் ஞாயிறு இரவுகளில் மருத்துவர் கூடுவது வழக்கம். அங்கு ஒருமுறை, ஹண்டரின் மைத்துனராகிய எவரார்டு ஹோமிடமும், கிளைன் என்னும் அறுவை மருத்துவரிடமும் ஜென்னர் தம் கருத்தைக் கூறினார். அவர்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை. அதன்பின் ஆசிரியர் உயிரோடிருந்த வரையில் ஜென்னர் இதுபற்றி ஒன்றும் வெளியிடவில்லை.

இவ்வாறு நோய் உள்ளிருந்து வளர, ஹண்டரின் அறிவோ மேலும் ஒளி வீசியது. தமனியின் சுவர் நலிந்து பலூன்போல் வீங்குவதுண்டு. முழங்காலின் பின்புறத்தில் இவ்வீக்கம் வண்டியோட்டிகளுக்கு அடிக்கடி உண்டாயிற்று, வெடித்தால் மரணம். காலை வெட்டி எறிவது ஒரு வழி. வீக்கத்தைத் திறந்து அவ்விடத்திலேயே தமனியைக் கட்டுவது மற்றொரு வழி. நோயுற்ற சுவரில் கட்டு நில்லாது அறுந்துவிடும். நோயில்லாத மேற்பகுதியிலேயே கட்டினால் என்ன என்று ஹண்டர் சிந்தித்தார். பெரிய குழாயை அடைத்தால் கீழுள்ள கால் அழுகிவிடாதோ என்பது பிறர் அச்சம். ஹண்டர் அவ்வாறு கருதவில்லை. ரிச்மண்டுப் பூங்காவில் ஒரு மானின் கொம்புக்குச் செல்லும் தமனியை அவர் கட்டியதாகவும், குளிர்ந்துபோன கொம்பு ஒரு வாரத்துக்குள் மீண்டும் வெதும்பியதைக் கண்டு, சிறு கிளைக் குழாய்கள் விரிந்து குருதிக்குப் புது வழி அமைத்தன என அறிந்ததாகவும் ஒரு வரலாறு வழங்குகிறது. 1785-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், நாற்பத்தைந்து வயதுடைய ஒரு வண்டியோட்டியின் தொடைத் தமனியை ஹண்டர் கட்டினார். ஆறு வாரத்தில் அம்மனிதன் தன் காலாலேயே நடந்து மருத்துவமனையை விட்டு வெளியேறினான். அவ்விடம் இன்றும் உடற்கூற்று நூல்களில் ஹண்டரின் பெயரால் வழங்குகிறது.

ஒன்று அடைபட்டால் மற்றொன்று வழி விடும் என்று பிறர் உடலில் காட்டிய அப்பெருமகனாரின் இதயத்தில், வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டுக்கொண்டிருந்தன. 1785 முதல் வலி அடிக்கடி வந்தது. படியேறினால் வரும், விரைந்து நடந்தால் வரும், சிறிது பதறினாலும் வரும். கூடு மாறும் தேனீக்கள் பறந்துவிடுமோ என்னும் கவலையாலும் ஒருமுறை வந்தது. 1789-இல் நண்பர் வீடொன்றில் இருக்கையில் நினைவு தடுமாறி, தாம் எங்கிருக்கிறோம் என்பதையே அரை மணி நேரம் மறந்தார். இவற்றிடையே வியக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. துயரக் கதைகளைக் கேட்டு அவர் கண்ணீர் சொரிவார். அப்போது வலி வருவதில்லை. இரக்கம் அவ்விதயத்தை வருத்தவில்லை. சினமும் பதற்றமுமே வருத்தின. தம்மைச் சினமூட்டத் துணியும் எந்தப் போக்கிரியின் கையிலும் தம் உயிர் இருக்கிறது என்னும் பொருள்பட அவரே பலமுறை கூறியதுண்டு. வள்ளுவர் வெகுளாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஹண்டருக்கோ அவருடைய உடலே அப்பாடத்தை நாள்தோறும் கற்பித்தது. ஆயினும் அவர் அதனைக் கைக்கொள்ள இயலவில்லை.

1793-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 16-ஆம் நாள் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையின் நிருவாகக் கூட்டம் நடைபெற்றது. முன்பயிற்சி பெறாத மாணவரைச் சேர்த்தல் ஆகாது என்பது அங்கு வகுக்கப்பட்ட விதி. ஸ்காட்லாந்திலிருந்து வந்த இளைஞர் இருவர் அவ்விதியால் வாயில் அடைபட்டு நின்றனர். அவர்களுக்காகப் பரிந்து பேச ஹண்டர் ஒப்புக்கொண்டிருந்தார். வாதம் முற்றினால் தம் உயிருக்குக் கேடு நேரலாம் என்று அன்று காலையே நண்பர் ஒருவரிடம் அஞ்சிக் கூறினார், எனினும் சென்றார். அவர் பேசுகையில் உடன் பணியாற்றும் ஒருவர் மறுத்துரைத்தார். ஹண்டர் பேச்சை நிறுத்தினார். சினத்தை அடக்க முயன்று, அடுத்த அறைக்குள் சென்றார். அங்கு நின்ற மருத்துவர் ஒருவரின் கைகளில் சாய்ந்து உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது அறுபத்தைந்து. தம்மைப் போலவே பொருளும் பட்டமுமின்றி வடக்கிலிருந்து வந்த இருவர்க்கு வழி திறக்கச் சென்ற முயற்சியே அவருடைய கடைசிச் செயலாயிற்று.

அவர் உடலும் அறுத்து ஆராயப்பட்டது. இதயத் தமனிகள் எலும்புபோல் இறுகியிருந்தன. மூளைக்குச் செல்லும் தமனிகளிலும் அவ்வாறே மாற்றம் இருந்தது. எவரார்டு ஹோம் உடனே ஜென்னருக்கு எழுதி, அவர் கருதியதே உண்மையாயிற்று என்று ஒப்புக்கொண்டார். பின்பு 1799-இல் பாத்து நகரத்து மருத்துவர் கேலப் பாரி வெளியிட்ட மார்பு நெரிப்பு நூலில், ஜென்னர் தம் கண்டுபிடிப்பையும், அதுகாறும் மௌனம் காத்த காரணத்தையும் ஒருங்கே தெரிவித்தார்.

ஜென்னர் கண்டது மெய்யான எலும்பன்று. நெடுநாளைய நோயின் முடிவில் படியும் சுண்ணப் பொருள். அந்நோயின் தொடக்கம் எது என்பதைப் பின்வந்தோர் கண்டறிந்தனர். 1910-இல் ஜெர்மானிய அறிஞர் விண்டவுஸ், நோயுற்ற பெருந்தமனியின் சுவரில் கொலஸ்டிரால் என்னும் கொழுப்புப் பொருள் மிக்கிருப்பதைக் காட்டினார். 1913-இல் ரஷ்ய நாட்டுச் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கு நகரில் அனிச்கோவ் என்பவர், கொலஸ்டிராலை எண்ணெயில் கரைத்து முயல்களுக்கு ஊட்ட, அவற்றின் தமனிகளில் அந்நோய் தோன்றிற்று. கொலஸ்டிரால் நஞ்சன்று, ஒவ்வோர் உயிரணுவின் சவ்வுக்கும் அது வேண்டும். ஆனால் எண்ணெய் நீரில் கலவாதவாறு அதுவும் குருதியில் கரைவதில்லை. புரதம் போர்த்த சிறு துகள்களிலேயே ஏறிச் செல்கிறது. எல்டிஎல் எனப்படும் துகள்கள் மிகுமாயின், அவை தமனியின் உட்சுவருக்குள் புகுந்து தங்குகின்றன. அவற்றை அகற்ற வரும் வெள்ளணுக்கள், உண்டு உண்டு கொழுப்பால் நிறைந்து அங்கேயே மடிகின்றன. கூழ் போன்ற அத்திரளின்மேல் நார்ப்படலம் மூடுகிறது. ஆண்டுகள் செல்லச் சுண்ணமும் படிகிறது. இவையெல்லாம் நோவின்றி, ஓசையின்றி, பல பத்தாண்டுகள் நிகழ்கின்றன.

குருதி ஓடும் விதமும் இதற்குத் துணையாகிறது. நேரான குழாயில் ஓட்டம் ஒழுங்காக இருக்கும். அவ்வோட்டமே உட்சுவரைக் காக்கிறது. கிளை பிரியும் இடத்திலும் வளைவிலும் ஓட்டம் தளர்ந்து சுழல்கிறது. ஆற்று வளைவில் வண்டல் தங்குவதுபோல, அங்கேதான் கொழுப்புத் திரள் மிகுதியும் தோன்றுகிறது. ஆயினும் ஆற்று வண்டல் மேலே படிவது. இத்திரளோ சுவருக்குள்ளேயே வளர்வது. குழாய் குறுகுவதன் விளைவும் நாம் நினைப்பதினும் கொடிது. பிரெஞ்சு மருத்துவர் புவாசெய் கண்ட விதிப்படி, ஒடுங்கிய நீண்ட குழாயின் விட்டம் பாதியானால், அழுத்தம் முதலியன மாறாதபோது, அதில் ஓடும் நீர்மம் 16-இல் 1 பங்காகக் குறையும். இதய நாளங்களில் சிறு கிளைகள் விரிந்து இக்குறையை ஒருவாறு ஈடு செய்வதால், ஓய்ந்திருக்கும்போது துன்பம் தோன்றாது. படியேறும்போதும் சினக்கும்போதும் இதயம் மிகுதியான குருதி கேட்கிறது. கேட்டது கிடைக்காமையால் நெரிப்பு உண்டாகிறது. நார்ப்படலம் கிழிந்தாலோ, அவ்விடத்தில் குருதி உறைந்து வழியை முற்றும் அடைத்துவிடும்; அதுவே மாரடைப்பு. ஹெபர்டன் எழுதிய அடையாளங்களும், ஹண்டர் நுகர்ந்த துன்பங்களும் இவ்விளக்கத்தால் தெளிவாகின்றன.

ஹண்டரின் காட்சிப் பொருள்களை 1799-இல் அரசாங்கம் 15,000 பவுனுக்கு வாங்கி, லண்டன் அறுவை மருத்துவர் சங்கத்தாரிடம் ஒப்படைத்தது. 1941-இல் விழுந்த குண்டுகளால் அவற்றுட் பெரும்பகுதி அழிந்தது. எஞ்சியவை இன்றும் உள்ளன. அவருடைய உடல் 1859-இல் வெஸ்ட்மின்ஸ்டர்ப் பேராலயத்துக்கு மாற்றி அடக்கம் செய்யப்பட்டது.

இனி நாம் முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். ஜென்னரின் மௌனம் தகுமா? உண்மையை மறைத்தல் கல்விக்கு இழுக்கு என்பர் சிலர். அவருடைய கண்டுபிடிப்பு முன்னரே வெளிவந்திருப்பின், ஆராய்ச்சி சில ஆண்டு முந்தியிருக்கலாம் என்பதும் உண்மை. ஆனால் அன்று அவர் ஆசிரியரிடம் சென்று சொல்லியிருந்தால், அச்சொல்லோடு கொடுக்கத்தக்க மருந்து யாது? ஒன்றும் இல்லை. நீக்க இயலாத துன்பத்தை முன்னறிவித்தல், இருக்கும் நாட்களையும் துன்பமாக்குவதே ஆகும். தமக்கு வரக்கூடிய புகழைத் துறந்து, தம் ஆசிரியரின் மன அமைதியைக் காத்த அன்பை நாம் குறை கூறத் துணியோம்.

ஆனால், நண்பர்களே, அம்மௌனத்தை இன்று நாம் பின்பற்றலாகாது. அன்று மருந்தில்லை, இன்று உண்டு. குருதியில் உள்ள கொலஸ்டிராலை அளக்கலாம், மருந்தால் குறைக்கலாம், குறுகிய தமனியை விரிக்கலாம், அடைப்பைத் தாண்டிப் புதுவழி அமைக்கலாம். புகையிலையை விடுத்தலும், குருதி அழுத்தத்தையும் நீரிழிவையும் அடக்குதலும், உடலுழைப்பும் இந்நோயைத் தடுக்கும் என்பதும் நன்கு தெரிந்ததே. அங்ஙனமிருக்க, நம் இல்லங்களில் எத்தனை தந்தையர் படியேறும்போது நின்று மார்பைத் தடவிக்கொண்டு, வாயுக் கோளாறு என்று சொல்லி நகர்கின்றனர்! அதனைக் கண்டும், பெரியோரிடம் எவ்வாறு சொல்வது என்று நாணி எத்தனை பிள்ளைகள் வாளா இருக்கின்றனர்! ஜென்னர் வாய் திறவாதிருந்தது அன்பினால். அவ்வன்பே இன்று நம்மை வாய் திறக்கச் செய்தல் வேண்டும். விடுமுறைக்கு இல்லம் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் தம் பெற்றோர் படியேறி வருவதை ஒருமுறை உற்று நோக்குவாராக. உற்று நோக்குதலே ஜான் ஹண்டர் தம் மாணவர்க்குக் கற்பித்த முதற் பாடம்.